எந்த ஐயோ?

சபையில் அவருக்கு ‘ஏழாம் எக்காளம்’ என்று பெயர். வேதத்தில் உலகமுடிவுக்கு ஊதுகிற கடைசி எக்காளம் அது. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆறோடு நிறுத்தாமல் விட்டார்களே.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஊர்க்காரர்களை மேலே ஏற்றிவிடுவார். சனிக்கிழமை மாலையில் அதைவிட மேலே ஏற்றிவிடப் பார்ப்பார். சபையின் பின்னறையில் அவர் நடத்தும் கடைசிக்கால வேதபாடத்துக்கு இருபது பேர் வருவார்கள். பழைய வயரிங் வரைபடங்களின் முதுகுப்பக்கத்தை ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் சுவரின் நீளத்துக்கு ஓர் அட்டவணை வரைந்து மாட்டியிருந்தார். ஏழு முத்திரை, பத்துக் கொம்பு, மூன்றரை வருஷம், எல்லாம் கலர் பேனாவில். மிருகம் மட்டும் சரியாக வரவில்லை. பார்த்தவர்கள் பூனை என்றார்கள்.

“நாளும் நாழிகையும் ஒருத்தருக்கும் தெரியாதுன்னுதானே இருக்கு?” என்று போதகர் ஒருமுறை நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

“நாளும் நாழிகையும்தான் ஐயா. மாசத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.”

போதகர் டீ குடிக்கப் போய்விட்டார். அட்டவணை வருகிற நவம்பரோடு முடிந்தது, அவர் கணக்கில் உலகமும்.

மூன்று வாரமாக அவர் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் தப்பி ஓட வேண்டிய அந்த நாட்களில் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களுக்கு ஐயோ என்று ஆண்டவர் சொன்ன இடம். ஒவ்வொரு ‘ஐயோ’வுக்கும் மேஜையைக் குச்சியால் ஓங்கித் தட்டுவார். பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். முதல் இரண்டு வாரம் முன்வரிசையில் இருந்த அவருடைய ஒரே மகள் மூன்றாம் வாரம் வரவில்லை. வேலை இருக்கிறதாம் என்றாள் மனைவி. சொன்ன விதம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அவர் கவனம் நாலாம் முத்திரையில் இருந்ததால் அது காதில் ஏறவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை மனைவி ஆரம்பித்தாள். “மக வீட்டு லிஃப்ட் நாலு நாளா ஓடலை. போய் என்னன்னு பாருங்க.”

“அது எங்க கம்பெனி லிஃப்ட் இல்லையே. அவங்க ஆளுதான் வரணும்.”

“ஆளு வர்றதுக்குள்ள உங்க நவம்பரே வந்துடும். கிளம்புங்க.”

மகள் வீடு ஆறாம் மாடி. காவலாளியிடம் சொல்லிவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, ஒவ்வொரு தளமாகக் கதவைச் சோதித்துக்கொண்டு ஏறினார். கோளாறு ஐந்தாம் மாடியில் இருந்தது. கதவு மூடியாயிற்று என்று லிஃப்டுக்குச் சொல்கிற சின்ன சுவிட்சில் அழுக்கு. கதவு மூடித்தான் இருக்கிறது, லிஃப்ட் நம்பமாட்டேன் என்கிறது.

சுவிட்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மோட்டார் இழுக்கிற சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுகிற காது அவருடையது. இந்த மூச்சு ஒரு ஆளை மட்டும் இழுக்கிற மூச்சாக இல்லை. எட்டிப் பார்த்தார். இரண்டு கையிலும் பையோடு மகள். பைகளை இறக்கிவிட்டு, ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஐயோ!” டெஸ்டர் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. “ஐயோ, ஏம்மா இந்த நிலைமையில படியேறுற?”

“எந்த நிலைமையில?”

அவர் விழித்தார். வாய் முந்திக்கொண்டுவிட்டது. புத்தி இரண்டு படி பின்னால் வந்து சேர்ந்தது.

“எத்தனை மாசம்?”

“நாலு.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“அம்மாவுக்குத் தெரியும். எதிர்வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.”

“எனக்கு மட்டும் சொல்லலையே.”

மகள் படியில் உட்கார்ந்தாள். “எப்படிப்பா சொல்றது? குச்சியால தட்டித் தட்டி ஐயோ ஐயோன்னீங்க. ஒவ்வொரு தட்டும் என் வயித்துல விழுந்துச்சு. ஏழு வருஷம் கழிச்சு உண்டாகியிருக்கேன். டாக்டர் ஜனவரிங்கிறாங்க. உங்க சுவத்துல நவம்பருக்கு அப்புறம் வெறும் செங்கல்தான் இருக்கு.”

பத்துக் கொம்புக்கும் பதில் வைத்திருந்த மனிதர் டெஸ்டரை எடுக்கக் குனிந்தார்.

“சரி, இப்ப சொன்னீங்களே, அது எந்த ஐயோ?”

“எது?”

“டெஸ்டரைப் போட்டுட்டுக் கத்தினீங்களே.”

“அது... பதறிப்போய் வந்ததும்மா. இத்தனை படி ஏறி வர்றியேன்னு.”

“ஓட வேண்டிய நாள்ல இவ வயித்தைத் தூக்கிட்டு எப்படி ஓடுவான்னு ஆண்டவரும் அப்படித்தானே பதறியிருப்பார்?”

அவர் வசனத்தை மனசுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். எழுத்து அதேதான். வசனத்தில் குச்சி இல்லை, குச்சியைக் கொண்டுபோனது அவர்தான்.

மகளைக் கருவிப்பெட்டிமேல் உட்காரச் சொல்லிவிட்டு, கீழே போய் மின்சாரத்தைப் போட்டு, லிஃப்டிலேயே ஏறி வந்தார்.

“ஒரு மாடிதானேப்பா, நடந்துடுறேன்.”

“பேசாம ஏறு.”

அன்று மாலை பின்னறைக்கு வந்தவர்கள் முதலில் சுவரைத்தான் பார்த்தார்கள். நவம்பருக்குப் பக்கத்தில் இரண்டு தாள் புதிதாக ஒட்டியிருந்தது, பசைகூடக் காயவில்லை. குச்சி மூலையில் கிடந்தது. அவர் அந்த இடத்தை மறுபடி வாசித்தார். ‘ஐயோ’ வந்தபோது படிக்கட்டில் வந்த அதே குரலில் வாசித்தார். “மூணு வாரமா உங்களுக்குத் தப்பா வாசிச்சுட்டேன். இது திட்டு இல்லை, பரிதாபம்” என்றார்.

“அப்ப ஆண்டவர் வருகை தள்ளிப்போச்சா அண்ணே?” என்றார் முன்வரிசைத் தச்சர்.

“வருகை வரும்போது வரும். தாள் பத்தலை, ஒட்டியிருக்கேன்.”

போதகர் எழுந்து சுவரருகே போனார். ஜனவரியில் பச்சைப் பேனாவால் ஒரு சின்ன வட்டம் மட்டும் இருந்தது.

“இது எந்த முத்திரை?”

“என் மக பிள்ளை, ஐயா.”

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நாளும் நாழிகையும்?”

“டாக்டருக்கே தெரியாதாம்.”