மேய்கிற பக்கம்

கெல்ஸ் ஊரில் டிம்ப்னா கோஹ்ரன் என்ற விதவையின் பசு 1951 மார்ச்சில் ஈன்ற வெள்ளைக் கிடாரிக் கன்றின் இடது விலாவில், எங்கள் ஊரின் பழைய வேதப் புத்தகத்தின் ஒரு பக்கம் முழுதாக இருந்தது. பின்னிக் கிடந்த பாம்புகளும் மயில்களும் சிவப்பு எழுத்தும் மழையில் கரையவில்லை. சாணி போகத் தேய்த்துக் கழுவியபோதும் கரையவில்லை. ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இங்கிருந்த மடத்துக்குச் சொந்தமான அந்தப் புத்தகமே கன்றுத்தோலில் எழுதியதுதான். போர்க்காலத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று தலைநகர் டப்ளினுக்கு எடுத்துப் போனவர்கள் முந்நூறு வருடமாகப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள், திருப்பித் தரவில்லை.

கில்மார்ட்டின் என்ற அதிகாரி லாரியோடு வந்தார். இது தேசத்தின் சொத்து, ஈரம் படாமல் கண்ணாடிக்குள் இருக்க வேண்டும் என்றார்.

“கண்ணாடிக்குள்ள புல்லு முளைக்குமா, துரை?” என்றாள் டிம்ப்னா.

அவர் நட்பாகக் கை நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டாள். எங்கள் மாட்டுச் சந்தையில் உள்ளங்கையில் துப்பி, கையோடு கை அறைந்தால் மாடு கைமாறிவிட்டது என்று பொருள். கில்மார்ட்டின் துப்பவில்லைதான், ஆனால் டப்ளின்காரரை யார் நம்புவது? அன்று முதல் அவரைக் கண்டால் ஊரே கையைப் பைக்குள் விட்டுக்கொண்டது. பாதிரியார்கூடத் தலையை மட்டும் ஆட்டினார்.

பன்னிரண்டு வருடத்தில் ஒன்பது முறை வந்தார், ஒருமுறை போலீஸோடு. அன்று ஊரிலிருந்த நானூறு மாடுகளையும் சேற்றில் புரட்டித் தெருவில் விட்டோம். ஓயாத மழையும் அன்று மட்டும் பெய்யாமல் எங்கள் பக்கம் நின்றது. எது பக்கம், எது பசு என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

கடைசியில் ஓர் உத்தரவு வந்தது: உயிரோடிருக்கும்வரை பசு அவளுடையது, செத்தால் தோல் டப்ளினுக்கு. டிம்ப்னா அதை வாசித்துவிட்டு ஆத்திரத்தில் அழுதாள். “ஒருதடவ ஏமாந்தது போதும். இன்னொரு தடவ எழுத்தக் குடுக்க மாட்டேன்டா!” என்று தெருவில் நின்று கத்தினாள்.

1963 பிப்ரவரியில் பசு கன்று ஈனும்போது செத்தது. நரைத்துப்போன கில்மார்ட்டின் பெட்டியோடு வந்து, உரித்து வைத்த தோலை மூடியிருந்த சாக்கை விலக்கினார். தோல் வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை.

“எழுத்து எங்கம்மா?”

“எங்க ஊர்ல உசுரோட இருக்கறது மேலதான் எழுத்து நிக்கும். தோலு உங்களுது, தாராளமா கொண்டு போங்க.”

உத்தரவு உத்தரவுதான். அவர் வெறுந்தோலை மடித்து வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வேலிக்கு அந்தப்புறம் செத்த பசுவின் ஒரு நாள் வயதுக் கன்று, இடது விலாவில் அதே பக்கமும் வலது விலாவில் அடுத்த பக்கமுமாக, பக்கத்து வீட்டுப் பசுவை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.