பில்டர் மூடி

ஆவடி குவார்ட்டர்ஸில் உலகநாதன் தொலைந்துபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது தோசைக்கும் பேக்டரி சங்குக்கும் நடுவில், வீட்டைவிட்டு ஓர் அடிகூட வெளியே வைக்காமல். அன்று தக்காளி விலை ஏறியிருந்ததும் குழாயில் தண்ணீர் தாமதமாக வந்ததும்கூட அந்த பிளாக்கில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இதில் எது பெரிய விஷயம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

ராணுவத் தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஒரு திருகு விடாமல் திரும்ப மாட்டுகிற மனிதர்தான். வீட்டுக்குள் வந்துவிட்டால் கை ஓட்டையாகிவிடும். மூக்குக்கண்ணாடியை அரிசி டின்னில் வைப்பார், ஐடி கார்டை பிரிட்ஜில் வைப்பார். கொரட்டூர் ஸ்டேஷனில் அவர் மறந்துவிட்டு வந்த குடைகளை வைத்துக் கடையே போடலாம். எல்லாவற்றையும் குனிந்து குனிந்து தேடி மனைவி தாட்சாயிணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாவம், அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? அன்று ஸ்கூட்டர் சாவி. கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, தோசைக் கரண்டியும் கையுமாக, "சாவியோட சேர்ந்து நீங்களும் தொலைஞ்சு போங்க!" என்றாள். இது என்ன பெரிய சாபமா? காலை வேளையில் அந்த பிளாக்கின் எல்லா வீட்டிலும் கேட்கிற வார்த்தைதான். அவளாவது 'போங்க' என்று மரியாதையாகச் சொன்னாள். கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும் மெல்ல உள்ளே போயின. குனிந்து பார்த்தால் ஆள் இல்லை. சாவி மட்டும் கிடந்தது.

போலீஸ்காரர் வந்து கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "வெளிய தொலைஞ்சிருந்தா நாங்க தேடுவோம்மா. ஊட்டுக்குள்ள தொலைஞ்சா ஊட்டுக்காரங்கதான் தேடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் நியாயம்தானே. அம்பத்தூரில் ஐடி வேலை பார்க்கும் மகன் அஸ்வின் ஓடிவந்து அப்பாவின் போனுக்கு ரிங் கொடுத்தான். மணி பீரோவுக்குப் பின்னால் கேட்டது. பீரோவை நகர்த்தினால் பரணில் கேட்டது, பரணில் ஏறினால் சமையலறையில் கேட்டது. சார்ஜ் தீர்ந்ததும் அதுவும் நின்றது. ஆனால் மனிதர் வீட்டில்தான் இருந்தார். ஆற்றி வைத்த காபி டம்ளரில் குறைந்தது, மழைக்காலத்தில் சுவருக்குள்ளிருந்து தும்மல் வந்தது. பேக்டரியிலும் தொந்தரவில்லை. வருஷா வருஷம் லீவு எடுக்க மறந்ததில் சேர்ந்து கிடந்த லீவே ரிட்டயர் ஆகும்வரை தாங்கும் என்றார்கள். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அதற்குள் ஆள் கிடைத்துவிட்டால் போதும் என்று தாட்சாயிணி தேடத் தொடங்கினாள்.

தேடினாள், அழுதாள், "என் வாயில நல்ல வார்த்தையே வராதா" என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி தேடினாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அரைக்காசம்மனுக்கு வெல்லம் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். அவரைத் தேடினால் குடை கிடைத்தது. இன்னும் தேடினால் கல்யாணமான புதிதில் தொலைந்த தோட்டின் திருகாணி கிடைத்தது. எதிர்வீட்டு ஜமீலாவின் கொலுசுகூடக் கிடைத்தது. அது இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஜமீலா கொலுசை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னாக்கா நீ, ஒண்ண தேடினா இன்னொண்ணுதானே கெடைக்கும்? நீ அவரையே தேடிகினு கீற, அதான் கொட வருது. கொடைய தேடு, அவரு வருவாரு." தாட்சாயிணியும் குடையைத் தானே ஒளித்துவைத்துவிட்டுத் தேடிப் பார்த்தாள். வாய் குடை குடை என்றது, மனசு அவரைத்தான் தேடியது. மனசை ஏமாற்ற முடியுமா? இன்னொரு திருகாணிதான் கிடைத்தது.

இப்படியே ஒரு கோடையும் இரண்டு மழைக்காலமும் போயின. ரிட்டயர் ஆகும் நாளும் வந்து போனது, குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டியதுதான். வெள்ளானூரில் வாங்கிப்போட்டிருந்த மனையில் வீடு எழும்பியது, வேனுக்கும் சொல்லியாயிற்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடலாம், சுவருக்குள் தும்முகிற மனிதரை எப்படி ஏற்றுவது? அடுத்து குடிவருகிறவர்களுக்கு அவர் யார்? ஒட்டடையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டால்? கட்டிலை மட்டும் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று பிடிவாதம் பிடித்தாள். வேன்காரருக்கும் ஜமீலாவுக்கும் காபி கொடுக்கலாமென்று பில்டரில் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றித் திரும்பினால், மூடியைக் காணோம். டிகாஷன் வாசனையெல்லாம் காற்றில் போகிறது. அடுப்பில் பால் பொங்குகிறது. அவளுக்கு வந்ததே கோபம்! "இப்பதானே இங்க வச்சேன்? அதுக்குக் கால் முளைச்சிடுச்சா?" என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து, கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். அந்த ஒரு நிமிஷம் சத்தியமாக அவள் மனசில் மூடியைத் தவிர வேறு எதுவும் இல்லை. கையில் அகப்பட்டது வெதுவெதுப்பான ஒரு கால் கட்டைவிரல்.

இழுத்தாள். அதே சட்டையில், தலையெல்லாம் ஒட்டடையோடு உலகநாதன் வந்தார். "நல்லா தேடிட்டேன் தாட்சு, சாவி இங்க இல்ல. சங்கு ஊதிட்டானா?" என்று கேட்டார். மன்னிப்பு கேட்பதற்கென்று அவள் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அந்த நேரம் பார்த்துத் தொலைந்துபோயின. தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டே ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சங்கு ஊதி, நீங்க ரிட்டயரே ஆயாச்சு. வேன் நிக்குது, ஏறுங்க" என்றாள். "அண்ணே, தலைல ஒட்டட கீது, தட்டிக்குங்க" என்றாள் ஜமீலா.

அரைக்காசம்மனுக்கு வெல்லம் வைத்தாயிற்று. வெள்ளானூரிலும் உலகநாதன் கண்ணாடியை அரிசி டின்னில்தான் வைக்கிறார். தாட்சாயிணி திட்டத்தான் செய்கிறாள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் ஆளைக் காணோம் என்றால் அவரைத் தேட மாட்டாள், பில்டர் மூடியைத் தேடுவாள். மொட்டைமாடியிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ அவர் வந்து நிற்பார். அன்று காணாமல்போன மூடி கிடைக்கவே இல்லையென்று அஸ்வின் புது பில்டர் வாங்கிக் கொடுத்தான். அதைப் பிரிக்காமல் பரணில் போட்டுவிட்டாள். போன மாதம் உலகநாதன் கையிலேயே அந்தப் பழைய மூடி கிடைத்ததாம். அவளிடம் காட்டலாமென்று எடுத்துக்கொண்டு வந்தவர், வழியில் எங்கோ வைத்துவிட்டார், எங்கே என்று மறந்துபோயிற்று. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பில்டரின் மேல் சாசரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூடியைத் தேட ஆரம்பித்தாள். அது கிடைக்க வேண்டும் என்று மட்டும் அவள் இதுவரை எந்தச் சாமிக்கும் வெல்லம் நேர்ந்துகொள்ளவில்லை.