மணல்மேட்டில் பறந்த தலைத்துண்டு

செல்லையன் மதார் சாகிபுக்குத் தர வேண்டியது முந்நூற்று ஏழு ரூபாய். புயலடித்த மறுநாள் காலை, காரைக்கால்மேட்டு மணல்மேட்டின் அடியில் சாகிபு முழங்கால் வலியோடு நின்றார். அவர் மகன் போன தோணி இன்னும் திரும்பவில்லை. கூட நின்ற செல்லையனிடம் சொன்னார்:

“நீ ஏறிப் பாருடா. கெட்ட சேதின்னா கத்தாத, தலைத்துண்ட அவுத்துடு. எனக்குப் புரியும்.”

மணல் செல்லையனின் காலடியில் சரிந்துகொண்டே இருந்தது. கடலைப் பார்க்கப் பயந்து, தன் காலையே பார்த்தபடி ஏறினான். உச்சியில் நிமிர்ந்தபோது ஆற்றுமுகமும் பச்சை வயலும் கடலும் ஒருசேரத் தெரிந்தன. அலைக்கு நடுவே சாகிபு தோணியின் சிவப்புப் பாய்! அவன் வாய் திறப்பதற்குள் காற்று துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது.

கீழே சாகிபு மணலில் சரிந்தார்.

“ஐயோ, காத்துங்க! தோணி வருதுங்க!” என்று கத்திக்கொண்டே உருண்டு புரண்டு இறங்கினான்.

சாகிபு அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். “கொல்லப் பாத்தியேடா, பாவி!” பிறகு தேம்பி அழுதார். “நீ தர வேண்டியத ஹலாலாக்கிட்டேன். இனி உனக்குக் கடனில்ல, போ.”