பை கிழிக்காத கன்றுகள்

சுரங்கத்தை மூடி, தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டிச் சமன்படுத்தி ஏழு வருடம் ஆகிவிட்டது. அந்த மேட்டில் செடிகொடி பிடித்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பது அவளுடைய வேலை. கன்றுகளை நட்டவர்கள் ஒரு நாற்றுப்பண்ணையின் ஆட்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளன் அவளுடைய கணவன். நடுகிற நிறுவனம் வேறு, எண்ணுகிற நிறுவனம் வேறு என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு வந்ததில்லை. வீட்டில் எதைப் பற்றியுமே பேச்சு வருவதில்லை. கேஸ் தீர்ந்துபோச்சு, சாவி ஆணியில இருக்கு, அவ்வளவுதான்.

மூன்று வருடங்களுக்கு முன் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒன்பது நாள் இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் காலையிலேயே அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்றோடு அவனிடம் கேட்பதற்கு அவளுக்கு எதுவும் இல்லாமல் போயிற்று. சண்டை போடவில்லை, அழவும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள்.

மேடு முழுவதையும் எண்ண முடியாது என்பதால், அதைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வருடமும் குலுக்கல் போட்டு இருபது கட்டங்களை எடுப்பார்கள். இதுவரை வராத பதினேழாம் கட்டம் இந்த வருடம் வந்தது. கூட வந்தவளுக்கு டேப்பு அக்கா என்று பெயர். அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்து நிற்கிற வேலை.

"என் வீட்டுக்காரர் கையைக்கூட இவ்வளவு நேரம் பிடிச்சதில்லம்மா" என்று எல்லோரிடமும் சொல்வாள்.

நான்கு மூலையிலும் கம்பி அடித்து, கயிறு கட்டி, வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். உயிரோடு, பட்டது, காணோம் என்று படிவத்தில் மூன்று பத்திகள். மற்றக் கட்டங்களில் பத்துக்கு எட்டுக் கன்றுகள் பிழைத்திருந்தன. இங்கே வரிசை தப்பாமல் குச்சி குச்சியாக நின்றன. நூற்றிருபதில் உயிரோடு இருந்தவை பதினொன்று.

டேப்பு அக்கா ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தாள். சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் நாற்றுப்பண்ணையின் கறுப்புப் பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. உள்ளே வேர் வெளியேற வழியில்லாமல் சணல் உருண்டை மாதிரிச் சுற்றிக் கிடந்தது.

"அடப்பாவிங்களா, பையைக் கிழிக்காமலே நட்டிருக்காங்க! ரெண்டு மழைக்குத் தாக்குப்பிடிச்சதே பெரிசு. எவன் நின்னு பார்த்தான் இதை?" என்றாள். சொன்ன பிறகுதான் எவன் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் தோள்பையிலிருந்து நடவுப் பதிவேட்டின் நகலை எடுத்தாள். பதினாறாம் கட்டம் ஒரு வாரம் முன்னால், பதினெட்டு நாலு நாள் பின்னால். இரண்டும் நன்றாக வந்தவை. பதினேழை இரண்டே நாளில் நட்டிருந்தார்கள். அந்த இரண்டில் முதல் நாள், அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போன நாள்.

"வறட்சின்னு போட்டுடேம்மா. யாரு தோண்டிப் பார்க்கப் போறாங்க?" என்றாள் டேப்பு அக்கா மெதுவாக.

அவள் இன்னும் ஆறு குச்சிகளைப் பிடுங்கிப் பார்த்தாள். ஆறிலும் பை. போட்டோ எடுத்தாள். காரணம் என்ற இடத்தில், 'பை அகற்றப்படாமல் நடவு' என்று எழுதினாள். கோபத்தில் எழுதவில்லை. இருந்ததை எழுதினாள். பிறகு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவன் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான்.

"பதினேழாம் கட்டத்துல நூத்தி ஒன்பது கன்னு பட்டுப்போச்சு. பையோட நட்டிருக்காங்க" என்றாள்.

அவன் கை நின்றது. "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எழுதத்தானே வேணும்."

"தேதியையும் பார்த்தேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு, "அந்த ரெண்டு நாள் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. தண்ணி லாரிகிட்ட நின்னேன், அது மட்டும் தெரியும். எல்லாம் புது ஆளுங்க. வந்து வந்து என்னமோ கேட்டாங்க. எது கேட்டாலும் ம்-ன்னு சொல்லியிருக்கேன் போல" என்றான்.

"அப்ப எதுக்குப் போனீங்க?"

"நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தே. வீட்டுல நான் எங்க நிக்கறதுன்னு தெரியல."

எதுவும் உறைக்காதவன் என்றுதான் மூன்று வருடமாக அவனை நினைத்திருந்தாள். இப்போது அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்து மிச்சமிருந்த கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள்.

"அவளுக்கு உங்க காது" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"ஆமா. மடல் மடங்கியிருக்கும்" என்றான்.

கிழங்கு வெந்ததும் இருவரும் சாப்பிட்டார்கள்.

அறிக்கை போன இரண்டாவது வாரம் அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேட்டு வேலையிலிருந்து எடுத்து நாற்றுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அடுத்த மழையில் வேறு ஆட்கள் அந்தக் கட்டத்தில் மறுநடவு செய்தார்கள். யாரும் கூப்பிடாமலே அவன் இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய், பிளேடு வைத்து ஒவ்வொரு பையாகக் கிழித்துக் கொடுத்தான். அவள் போகவில்லை. எண்ணுகிறவர்கள் நடவுக்குப் போகக் கூடாது. சாயங்காலம் அவன் விரலில் இரண்டு இடத்தில் வெட்டு இருந்தது. மருந்து போட்டுவிட்டாள்.

மறு வருடம், குலுக்கலில் வராவிட்டாலும் பதினேழை எண்ண வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. எண்ணினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அவனிடம் சொன்னாள்.

"எண்பத்தாறு."

"நூத்திருபதுக்கா?"

"ம்."

"பரவாயில்லையே" என்றான் அவன்.