பால் மறக்கடித்த வாரம்

கைஸுக்கு ஒன்றரை வயது. ஞாயிற்றுக்கிழமை முதல் நான் தலைநகர் அம்மானில் வேலைக்குப் போகவேண்டும். எங்கள் ஊர் இர்பிதிலிருந்து காலை ஆறு மணிப் பேருந்து. அதற்குள் இவன் பாலை மறந்தாக வேண்டும்.

மாமியார் மார்பில் கற்றாழைச் சாற்றைத் தடவச் சொன்னார். தடவினேன். பையன் முகத்தைச் சுளித்தான், உள்ளங்கையால் துடைத்தான், குடித்தான். பால் வற்றுவதற்காக மரமிய்யா என்ற மூலிகை இலைத் தேநீரைக் குடித்துக் குடித்து எனக்குத்தான் வாய் கசந்தது. மார்பு கல்லாகிக் கையைத் தூக்க முடியவில்லை. வலி தணியச் சட்டைக்குள் முட்டைக்கோஸ் இலை வைத்துக்கொண்டேன்.

"வீடு பூரா கோஸ் வாசன. இன்னிக்கு அரிசி வச்சுச் சுருட்டுற மல்ஃபூஃபா?" என்றார் கணவர்.

"ஆமா, சட்டைக்குள்ள சுருட்டி வச்சிருக்கேன். எடுத்துத் தின்னுங்க."

கடைசியில் மாமியாரே, "புள்ளைய ஒரு மூணு நாள் உன் கண்ணுல படாம வை" என்றார். கீழ்வீட்டு ஓரகத்தி ஷதாவிடம் விட்டேன். அவளுக்கு லியான் என்று ஐந்து மாதப் பெண்குழந்தை இருக்கிறதே, அதை யோசிக்க என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் அவன் அழுகை மாடிப்படி வழியாக ஏறி வந்தது. அவன் அழ அழ என் சட்டை பாலால் நனைந்தது. மறுநாள் சத்தமே இல்லை. "பாத்தியா, மறந்துட்டான்" என்றார் மாமியார். நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் நானும் மாமியாரும் கீழே போனோம். ஷதாவின் மார்பில் ஒரு பக்கம் லியான், மறுபக்கம் கைஸ்.

"அடியே! என்னடி இது?"

"அழுதான்க்கா, மனசு கேக்கல. ஒரு வாய்தான்னு ஆரம்பிச்சேன்..."

மாமியார் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "எத்தன தடவ வயிறு நெறையக் குடிச்சான்?"

"ஏழெட்டு இருக்கும் அத்தை."

"மார்க்கப்படி அஞ்சே போதுமே! இனி இவன் உன் பால்மகன். வளந்தாலும் இவன் முன்னாடி நீ முக்காடு போட வேணாம்." சட்டென்று அவர் முகம் வாடியது. "நம்ம வழக்கப்படி சித்தப்பா மக லியானுக்கே இவனக் கட்டி வைக்கலாம்னு இருந்தேன். இப்பப் பாலால அண்ணனாயிட்டானே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார், ஷதாவும் சிரித்தாள். என் சட்டை நனைந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

"மறக்கடிக்கத்தானேடி உங்கிட்ட விட்டேன்!"

"கோவிச்சுக்காதீங்கக்கா. நிம்மதியா வேலைக்குப் போங்க. நான் இருக்கேன்ல?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? பேருந்தும் வேலையும் நாசமாய்ப் போகட்டும் என்று பிள்ளையைப் பிடுங்கி, அங்கேயே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.

கைஸ் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஷதாவிடம் போகக் கையை நீட்டினான்.