முன்னாலே வந்துபோன ரோச்

தூத்துக்குடியில் வேலை கேட்டு அலைகிறவர்களில் ரோச்சைப் போல முகம் தெரிந்த ஆள் வேறு கிடையாது. அந்த முகத்தை ஊரே சுவரில் பார்த்திருந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்.

நடந்தது இதுதான். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி காற்றில் சாய்ந்தது. ரோச்சைத் தவிர எல்லாரும் கரை சேர்ந்தார்கள். அவனைக் கேரளத்து விசைப்படகு ஒன்று தூக்கிக்கொண்டு போனதும், அங்கே ஆஸ்பத்திரியில் தன் பேர்கூடச் சொல்ல முடியாமல் காய்ச்சலில் அவன் கிடந்ததும் இங்கே யாருக்குத் தெரியும்? அதற்குள் தருவைகுளம் கரையில் ஒரு உடம்பு ஒதுங்கியது. மீன் கடித்து முகம் இல்லை. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் கிடந்தது. அதைப் பார்த்ததும் ரோச்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். மாதா கோயில் பங்கில் பாதிப் பேர் கழுத்தில் அதே உத்தரியம்தான் தொங்குகிறது. அழுகிற நேரத்தில் அது எவனுக்குத் தோன்றும்? அடக்கப் பூசை, ஏழாம் நாள் பூசை, சிலுவையில் பேர், சுவரெல்லாம் போஸ்டர். எல்லாம் முடிந்தபிறகு ரோச் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

புதைத்தது யாரை என்று இன்றுவரை தெரியாது. சிலுவையில் பேரை அழிக்க வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழும். அத்தோடு சரி.

இனிமேல் கடல் வேண்டாம் என்று அவன் பெண்டாட்டி எமில்டா தீர்த்துச் சொல்லிவிட்டாள். கரையில் வேலை தேடினான். கரையில் என்ன வேலை கொட்டிக் கிடக்கிறது? ஒரு இடத்துக்கு இஞ்சினியர் படித்தவன் முதற்கொண்டு வரிசையில் நிற்கிறான். பயோடேட்டா அடித்துக்கொடுத்த அக்கா மகன் ஜெனிஸ் சொன்னான்: "கூட்டத்துல தனியாத் தெரியணும் மாமா. ஒங்களுக்கு அது பிரச்சனையே இல்ல. போட்டோகூட போஸ்டர்ல போட்ட அதே போட்டோதான்."

"வாய மூடுலே" என்றான் ரோச்.

முதலில் போனது ஒரு உப்புக் கம்பெனி. மேஜையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "காலையிலேயே வந்துட்டுப் போனீங்களே?" என்றார். ஆள் மாறிச் சொல்லுகிறார் என்று நினைத்தான். அடுத்தது ஒரு ஐஸ் கம்பெனி. அங்கேயும் அதே பேச்சு. "இப்பத்தானே பேசிட்டுப் போனீரு, மறுபடி என்ன?"

ரோச் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. சொந்தத் தம்பி காபி வாங்கிக் கொடுத்தாலும் எதற்கு என்று கேட்கிற ரகம். எவனோ தன் ஆதார் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்று முடிவு கட்டினான். களவாணிப்பயலைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆள் எடுத்தார்கள். உள்ளே வருகிற பெட்டிகளின் நம்பரைச் சரிபார்க்கிற வேலை. ஆபீஸ் கதவைத் திறக்கும் முன்பே ரோச் வாசலில் போய் நின்றான். திறந்ததும் முதல் ஆளாய் உள்ளே போய், எல்லாரையும் பார்க்கிற மாதிரி மூலையில் உட்கார்ந்தான். வந்தவன் முகம் ஒவ்வொன்றையும் முறைத்துப் பார்த்தான். இஸ்திரி போட்ட சட்டையும் ஃபைலுமாக நிறையப் பேர் வந்தார்கள். தன் சாயலில் ஒருத்தனும் இல்லை. மனசு கொஞ்சம் நிம்மதியானது.

அவனை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே இந்துமதி என்ற மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ரோச் சார், ஏதாவது மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

ரோச் திரும்பிக் கதவைப் பார்த்தான். அந்த அறைக்கு ஒரே கதவு. அந்தக் கதவைப் பார்த்துத்தான் அவன் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான்.

எதிரே கிடந்த நாற்காலி நனைந்திருந்தது. கீழே தரையில் தண்ணீர். ஓரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

"ஏசி ஒழுகுது போல" என்று அந்த அம்மா தோளைச் சேலையால் மூடிக்கொண்டார். "உங்க பதிலை எங்க டைரக்டர்கிட்ட போன்லயே சொல்லிட்டேன். எங்களுக்கு நீங்க எதுக்குன்னு கேட்டா, எல்லாரும் கஷ்டப்பட்டு உழைப்பேன், சீக்கிரம் கத்துக்குவேன்னு ஒரே பாட்டுதான் பாடுறாங்க. நீங்க ஒருத்தர்தான் வேற மாதிரி சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

அந்த அம்மா சிரித்தார். "எனக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. ஒரு பேரு மட்டும் குடுத்து எங்கன நிப்பாட்டினாலும் அங்கனயே நிப்பேன்னு சொன்னீங்க. கேட்டதும் உடம்பு சிலிர்த்துப் போச்சு. திங்கள்கிழமை வந்து சேந்துக்கோங்க."

அது நான் இல்லை என்று சொல்ல வாய் திறந்தான். வெளியே நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் எமில்டா மீனை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கை நின்றது.

"களவாணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாமதான் குடுத்தோம்."

"எதை?"

"ஒங்க பேரை. அழுது அழுது பூசை வச்சது யாருக்கு? ஒங்க பேரைச் சொல்லித்தானே சாமியார் அந்த ஒதுங்குனவனைக் குழிக்குள்ள வச்சாரு? அவனுக்குன்னு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. கெடைச்ச பேரை அவன் எடுத்துக்கிட்டான்."

"செத்தவனுக்கு வேலை எதுக்குளா?"

"ஒங்க பேருக்கு இப்ப வேலை தேடுறதுதானே பொழப்பு? அதையே அவனும் செய்யுதான்."

ரோச் எழுந்தான். "இன்னைக்கே சிலுவையில பேரை அழிச்சிருதேன்."

"அவசரப்படாதிய. பேர் தெரியாத ஆத்துமான்னு சொல்லி மொதல்ல ஒரு பூசை வைப்போம். அவனுக்குன்னு நாலு பேரு முட்டுப்போட்டுச் செபிக்கட்டும். பெறவு அழிங்க."

"சாமியாரு ஊர்ல இல்ல. நான் திங்கக்கிழமை சேரணும்."

உண்மையில் அவன் பயந்தது வேறு. பூசை வைத்துச் செத்தவன் ஒழுங்காகப் போய்விட்டால், அவன் வாங்கிக்கொடுத்த வேலையும் அவனோடு போய்விடுமோ என்று பயந்தான். பேரை மட்டும் பறித்துக்கொண்டால் வேலை தன்னிடமே நிற்கும் என்று கணக்குப் போட்டான். அதை அவளிடம் சொல்லவில்லை. படகுக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்ட்டை வாங்கிக்கொண்டு வெயிலோடு கல்லறைத்தோட்டத்துக்குப் போனான். சிலுவையில் தன் பேரின் மேல் இரண்டு தடவை இழுத்துப் பூசினான். பூசும்போது காலடி மணல் ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் மழை பெய்து மாதக்கணக்காகிறது.

திங்கட்கிழமை காலை யார்டு கேட்டில் காவலுக்கு நின்றவன் சிவபாலன். "இதுல மொகத்தைக் காட்டுங்க அண்ணாச்சி" என்று சுவரில் இருந்த மெஷினைக் காட்டினான். ரோச் முகத்தை நீட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் சிவப்பு.

சிவபாலன் மெஷினைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "நீங்கதான் ஏற்கெனவே உள்ள போயிட்டீங்களே? மொத ஆளா வந்து, தொப்பியெல்லாம் வாங்கிட்டுப் போனீங்க. எப்படி வெளிய வந்தீங்க?"

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பெட்டிகளுக்கு நடுவில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. இடது தோள் கொஞ்சம் சரிந்த நடை. ரோச்சின் நடை. ஒவ்வொரு பெட்டியிலும் நின்று, நம்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தான். தொட்ட இடமெல்லாம் தண்ணீர் வழிந்தது.

சிவபாலன் வாக்கிடாக்கியை எடுத்தான். "ரோச் அண்ணாச்சி, கொஞ்சம் கேட்டுக்கு வாங்க."

"வாரேன்" என்றது வாக்கிடாக்கி. ரோச்சின் குரல். தூரத்தில் மஞ்சள் தொப்பி மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"வேண்டாம்! கூப்பிடாத" என்று ரோச் அவன் கையைப் பிடித்தான். "வேலை நடக்கட்டும். நான்... நான் அவருக்கு அண்ணன்." சொன்னபிறகு அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் ரோட்டைப் பார்த்து நடந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எமில்டா கேட்டாள், "என்ன, வேலை இல்லன்னுட்டாங்களா?"

"வேலையெல்லாம் இருக்கு. ரோச் சேந்துட்டான்."

அவள் புரிந்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சரி. சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சா ரோச் எங்கன போவான்?"

ரோச் திரும்பிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். போட்டுவிட்டு, உள்ளே நிற்கிறவன் ரோச்சா, சாயங்காலம் வந்து தட்டப்போகிறவன் ரோச்சா என்று தெரியாமல் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றான்.