விட்டதைச் சொல்லும் வரி

...இல்லை, மௌஸ்தான் ரோசாக், கெட்டுப்போய்விட்டது, வேறு என்னவாக இருக்க முடியும், வெரோனிகா வயரைப் பிடுங்கிவிட்டு அடுத்த மௌஸைச் செருகினாள், கறுப்புத் திரையில் மறுபடியும் 'மெவ்' என்று ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தைத் தட்டினாள், அவ்வளவுதான், இனி மௌஸுக்கு என்ன நடந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விழும். எண்கள்தாம், ஆனால் படிக்கத் தெரிந்துவிட்டால் எவ்வளவு நேர்மையான எண்கள்... கடைசி இலக்கம் நாலு என்றால் பொத்தான் இறங்கியது, எட்டு என்றால் எழுந்தது, இரண்டு என்றால் அமுக்கியபடியே நகர்கிறது. படமும் சன்னலுமாக இருக்கிற திரை அரைகுறை அமுக்கலை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருந்துவிடும், இந்த வெறும் எழுத்துத் திரைக்கு மறைக்கத் தெரியாது, அதற்காகத்தான் ஈப்போவில் அவள் வேலை பார்க்கும் கல்லூரியின் கணினி அறையில் கழித்துப்போட்ட இந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கி, செமோர் வீட்டின் சாப்பாட்டு மேசைவரை தூக்கி வந்தாள், கணவர் கஸ்பாருக்காக. பக்கவாதம் வந்து மூன்று மாதம், இருபது வருடம் லாரியின் ஸ்டேரிங்கைப் பிடித்த வலது கை மடியில் சுருண்டு கிடக்கிறது, "இது செத்த கைலா வெரோ, திங்கக்கிழம ஆஸ்பத்திரி எக்சர்சைசுக்கு நான் வரல, அங்க போயி பொம்மை மாதிரி உக்காரணுமா" என்று காலையில் சொல்லிவிட்டார், சொன்னால் சொன்னதுதான், கல்யாணப் பேச்சிலேயே பார்த்த பிடிவாதம். கையில் துளி உயிர் இருந்தாலும் மெவ் ஒரு வரி போடும், அந்த ஒரு வரியைக் காட்டிவிட்டால் திங்கட்கிழமை காரில் ஏறிவிட மாட்டாரா?

போட்டதே, அதுதான் வேடிக்கை, முதல் மௌஸ்மேல் அவர் கையை அவள் தூக்கி வைத்ததும், அமுக்குங்க என்று வாயைத் திறக்கும் முன்பே நாலு விழுந்தது, பிறகு எட்டு வரவில்லை, எட்டு வரவே இல்லை, கை லேசாக ஆடுவதற்கெல்லாம் இரண்டு இரண்டு இரண்டு என்று கீழே ஓடிக்கொண்டே இருந்தது, பொத்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்தாள், வேறு மௌஸ், அதிலும் அப்படியே. இப்போது இது. "மூணாவது எலி," என்றார் கஸ்பார், "பேசாம பூன வளக்கலாம்." "சும்மா இருங்க." முதலில் தன் விரலால் தட்டிப் பார்த்தாள், நாலு எட்டு, நாலு எட்டு, சுத்தமாக இருந்தது. பிறகு அவர் கை. நாலு. இரண்டு, இரண்டு, இரண்டு... மூன்று மௌஸுமா கெட்டுப்போகும்? முதலில் வன்பொருளைச் சந்தேகப்படு என்று பழகிய புத்தி, அதைத் தாண்டி யோசிக்க இவ்வளவு நேரமா... குனிந்து பார்த்தாள். அவருடைய ஆட்காட்டி விரலின் நகம் வெளுத்திருந்தது. அமுக்கிக்கொண்டிருந்தார்.

சுங்கை சிப்புட்டிலிருந்து அவர் தம்பி கென்னத் ரப்பர் பந்து வாங்கி வந்து, "டெய்லி நூறு தடவ அமுக்கு அண்ணே, லாரிக்காரன் கை, பிடி வந்துட்டா எல்லாம் வந்துரும்" என்றான், மாதா கோயில் ஜெபக் கூட்டத்து அக்காமார் வரிசையாகக் கையைப் பிடித்துக்கொண்டு எங்கே அமுக்குங்க பார்ப்போம் என்றார்கள், அவளும்தான், காலையும் மாலையும் அமுக்குங்க, அமுக்குங்க... ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் அந்தப் பெண் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து விரித்துக் காட்டியபோது, அது ஏதோ ஆரம்பப் பாடம், அசல் பாடம் பந்து என்று நாங்களாகவே முடிவுகட்டினோமே, ஏற்கெனவே அமுக்கிக்கொண்டிருக்கிற கை இன்னும் எப்படி அமுக்கும், அமுக்கு என்றால் அதில் எப்படி மாற்றம் தெரியும்? அதையல்லவா செத்த கை என்றோம்.

"விரல தூக்குங்க."

"தூக்கிட்டேன்லா."

"இல்லங்க, இன்னும் அமுக்கிதான் இருக்கீங்க."

"அப்பவே விட்டுட்டேன் வெரோ!" கோபம் இல்லை அவர் குரலில், சத்தியம் செய்வதுபோல இருந்தது. அவள் அதை நம்பினாள். அவருக்குள் எங்கேயோ அது விட்டாகிவிட்டது, அங்கிருந்து விரலுக்கு வந்து சேரத்தான் நேரமாகிறது, எவ்வளவு நேரம், அவள் தன் மூச்சை எண்ணினாள், ஆறு, ஏழு... நகத்தில் மெதுவாகச் சிவப்பு ஊறியது. திரையில் எட்டு.

"என்னா போட்டிருக்கு?"

"விட்டுட்டீங்கன்னு போட்டிருக்கு."

"அதான் நான் அப்பவே சொன்னேன்ல." அவர் திரையையே பார்த்தார், அந்த எண்களில் ஒன்றும் புரியாது அவருக்கு, ஆனாலும் பார்த்தார். "திங்கக்கிழம இத தூக்கிட்டுப் போலாமா? அந்தப் பொண்ணுக்குக் காட்டணும், நான் பொய் சொல்லலன்னு."

"போலாங்க," என்றாள், வயரைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அடுத்ததற்குத் தயாராகிவிட்டார், நாலு விழுந்தது, இரண்டுகள் ஓடத் தொடங்கின. வாய் பழக்கத்தில் அமு... என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். எதையும் பிரித்துப் பிரித்துச் சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது என்று கல்லூரியில் கேலி செய்வார்கள், மூன்று மாதமாக அமுக்கு என்று உற்சாகமாகச் சொல்லத் தெரிந்தது, பக்கத்தில் இருந்துகொண்டு விடு, விடு என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது, எந்தக் குரலில்? சொல்லாமலே இருப்பதுதான் உதவியோ... தெரியவில்லை. நாற்காலியை இழுத்து அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். இரண்டு, இரண்டு, இரண்டு...